அழுதால் அதிரும்

அடையாறு
12 பிப்ரவரி 2023

அன்பு அக்காவுக்கு மஹதி எழுதுவது.

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். வளைகாப்புக்கு நீ கட்டிக் கொடுத்த ஐந்து வகைச் சாதத்தையும் சாய்சரண் ஒருவனே தீர்த்துவிட்டான். எனக்குப் புளியோதரையில் நாலு வாய்தான் கிடைத்தது. வளையல்களை இன்னும் கழற்றவில்லை. சுபத்ரா மாமி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வயத்துல இருக்கற குழந்தைக்கு இந்தச் சத்தம் கேக்கும்" என்று சொன்னாள் இல்லையா, அப்போது உன் முகம் மாறியதைப் பார்த்தேன். மாமி ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. நீதான் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டாய்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் முடிப்பதற்குள் நீ பதில் போட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் காகிதம். முழுக்கப் படி.

சமையலறையில் நீ சொன்னதைப் பற்றித்தான். "பொறந்தப்பறம் ஒரு வருஷம் குழந்தை எங்காத்துலயே இருக்கட்டும். நீ சனி ஞாயிறு வந்து பாத்துக்கோ." உன் உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னாய்.

மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து என் காது போன நாளிலிருந்து, எனக்குக் கேட்டதெல்லாம் உன் வழியாகத்தான் கேட்டது. பள்ளிக்கூடம், பஸ், டாக்டர் அறை, யார் என்ன பேசினாலும் என் பக்கம் திரும்பி நீ ஒருமுறை உதட்டை அசைப்பாய். அம்மா அப்பா போன பிறகு எனக்கு அந்த இரண்டு பேரும் நீதான். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் இது என் குழந்தை அக்கா.

சாய்சரணுக்குப் பிறவியிலேயே கேட்காது. ஆக, இந்த வீட்டில் குழந்தை அழுதால் கேட்பதற்கு ஒரு காதும் இல்லை. அது எங்களுக்குத் தெரியாதா? மாதக்கணக்காக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் நண்பர்கள் ஜவஹரும் தேவானையும் எங்களைப் போலத்தான். இரண்டு பெண்களை வளர்த்துவிட்டார்கள். மூத்தவளுக்கு அவர்களிடம் ஒரு வசதியும் இல்லை. தேவானை குழந்தையின் காலில் தளர்வாக ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு படுப்பாளாம். இரண்டாமவளுக்குப் பேபி மானிட்டர் வாங்கினார்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, நம் இடுப்பில் ஒன்று. குழந்தை அழுதால் இடுப்பில் இருப்பது அதிரும், விளக்கு எரியும். படுக்கும்போது தலையணைக்கு அடியில் வைக்க, அதே போல அதிரும் ஒரு வில்லை.

அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். கடைகளில் கிடைப்பதெல்லாம் கேட்கிறவர்களுக்காகச் செய்தவை. பாட்டுப் பாடுகிறது, பேசுகிறது. அதிர்வது ஒன்றிரண்டுதான். கரண்ட் போனால் நிற்கக் கூடாது, சுவர் தாண்டி எட்ட வேண்டும், மிக்ஸி ஓடினால் ஏமாறக் கூடாது.

எதை வாங்கினாலும் சோதித்துப் பார்க்க ஒரு காது வேண்டும். நீ வந்து தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழு. நான் சமையலறையில் நிற்கிறேன். வருவாயா?

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

உன்
மஹி


மயிலாப்பூர்
26 பிப்ரவரி 2023

செல்லம் மஹிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்து ஒருமுறை, வீட்டில் ஒருமுறை படித்தேன். கிரீஷிடமும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "நன்னா எழுதியிருக்கா" என்றார். அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

கோபித்துக்கொள்ளாதே. குழந்தையை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவா நான் கேட்டேன்? பேச்சு வரும் வயதில் குழந்தைக்கு யார் பேசிக்காட்டுவார்கள் என்று யோசித்தேன். உன்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து "ப" எப்படி, "ம" எப்படி என்று காட்டியவள் நான். அந்தக் கஷ்டம் உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

சனிக்கிழமை தி. நகர் போனேன். குழந்தைச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடை. விற்கிற பையன் ஒரு கேமராவை எடுத்து வைத்தான். "இது ஃபோன்ல தெரியும் மேடம். நீங்க ஆபீஸ்ல இருந்துக்கினே பாக்கலாம், கேக்கலாம். தாலாட்டுகூட கீது."

"கொழந்தையோட அம்மாவுக்குக் காது கேக்காது. அழுதா அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்போ கேக்கறவங்க யாராச்சும் கூட இருக்கணும் மேடம்."

நான் சொன்னால் தப்பு. கடைக்காரன் சொன்னால்?

அந்தக் கேமராவையே வாங்கிவிட்டேன். உன் தொட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டால் என் ஃபோனில் தெரியும், கேட்கும். ஆபீஸில் ஒரு காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள். குழந்தை சிணுங்கினால் உடனே உனக்குச் செய்தி அனுப்புகிறேன், உன் ஃபோன் அதிரும். உன் இடுப்புப் பெட்டிக்கு அழுகைக்கும் மிக்ஸிக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். பசி அழுகை எது, வயிற்றுவலி அழுகை எது என்று எந்த மெஷின் சொல்லும்?

இன்னொன்று. அந்தக் கடைக்கு, குழந்தைக்காக நாங்கள் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாகத்தான் போக வேண்டும். கடைசித் தடவை அந்த டாக்டர், "இதோட நிறுத்திக்கலாம்மா, உங்க உடம்பு தாங்காது" என்று சொன்ன பிறகு நான் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. சனிக்கிழமை நடந்தேன். வாசலில் கையில் ஃபைலோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கையில் குழந்தைச் சாமான் கடைப் பையோடு போனேன். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள். நானும் சிரித்தேன்.

நன்றாகச் சாப்பிடு. மாடிப்படியில் மெதுவாக ஏறு.

ஹம்சினி


அடையாறு
20 ஆகஸ்ட் 2023

அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தோடு சாய்சரண் ஒரு பெட்டியையும் கொண்டுவருவான். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கே தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே.

பிரசவம் முடிந்து மூன்று மாதம் உன் வீட்டில் என்னை நீ வைத்துக்கொண்டது போல யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பத்தியச் சமையல், வெந்நீர், வத்ஸனுக்கு எண்ணெய்க் குளியல் எல்லாம். நான் தூங்கி எழுவதற்குள் அவனை நீ தூக்கியிருப்பாய். ஒருநாள்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. உனக்கு அது பெருமை. எனக்கு அது எப்படி இருந்தது என்று சொன்னால் புரியுமோ தெரியவில்லை. அவன் அழும் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அவனுக்கு நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் பரிசோதித்துச் சொன்ன அன்று நீ அழுதாய். நாங்கள் இரண்டு பேரும் அழாததை நீ கவனித்ததை நாங்களும் கவனித்தோம். அவனுக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான் அக்கா. அதைச் சொன்னால் உனக்குப் பயமாக இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டோம்.

அடையாறு வந்ததும் உன் கேமராவை நீ சொன்ன இடத்திலேயே மாட்டினோம். மனசாரத்தான் மாட்டினோம். முதல் வாரம் உன் செய்திகள் உதவியாகத்தான் இருந்தன. "அழறான்." போவேன். "பசி." கொடுப்பேன். அப்புறம், "ஏன் இவ்வளவு நேரம்?" "குப்புற விழுந்துடப் போறான்." "ஏன் சாய் அவனை அப்படித் தூக்கறான்?" நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. போன வாரம் நானும் சாய்சரணும் தொட்டில் பக்கத்தில் நின்று ஒரு சண்டை போட்டோம். துணி காயப்போடுவது பற்றிய அற்பச் சண்டை. நடுவில் உன் செய்தி வந்தது: "ரெண்டு பேரும் கையை ஆட்டிண்டு நிக்காதேங்கோ, கொழந்தை முழிச்சுக்கும்."

அக்கா, எங்களுக்குப் பேச்சே கைதான். உன் வீட்டு ஹாலில் நீயும் அத்திம்பேரும் பேசும்போது சுவரிலிருந்து யாராவது "வாயை மூடு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இப்போது வேறொன்று வாங்கியிருக்கிறோம். அதற்கு முன் வாங்கிய இரண்டைத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்று இன்டர்நெட் போனால் ஊமையாகிவிட்டது. இன்னொன்று மாடி வீட்டு சாய்மாவின் குக்கர் விசிலுக்கெல்லாம் அதிர்ந்தது. நான் ஓடி ஓடிப் போனால் இவன் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு தூங்குவான். மூன்றாவது சரியாக வந்திருக்கிறது. இன்டர்நெட் வேண்டாம், ஃபோன் வேண்டாம். பாத்ரூமுக்கும் எட்டுகிறது, மொட்டைமாடிக்கும் எட்டுகிறது. சாய்மா பொறுமையாக உட்கார்ந்து விதவிதமாக அழுது காட்டினாள். அவள் மாமியார் ஜைதூன் பீ கீழே இறங்கி வந்து, "இன்னாடி ஆச்சு?" என்று பதறிப்போய்விட்டார்.

முதல் நாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். இடுப்பில் அதிர்ந்தது. போனேன். வாய் சதுரமாகத் திறந்து, முகமெல்லாம் சிவந்து அழுதுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். அவன் கூப்பிட்டான், நான் போனேன். நடுவில் யாரும் இல்லை.

திங்களும் வியாழனும் நீ ஆபீஸ் விட்டு இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வா. சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்
மஹி


மயிலாப்பூர்
27 ஆகஸ்ட் 2023

மஹதிக்கு,

கேமரா வந்து சேர்ந்தது. நன்றாகத்தான் பேக் செய்திருக்கிறாய்.

சாய்மா அழுது காட்டினாள் என்று எழுதியிருக்கிறாய். என்னை அழச் சொல்லித்தான் முதலில் கேட்டாய். நான் அப்போதே வந்து அழுதிருக்க வேண்டும்.

அலைச்சல் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கிரீஷிடம் கடிதத்தைக் காட்டினேன். "அவ கொழந்தைதானே ஹம்சி? விடேன்" என்றார். விட்டுவிட்டேன். நீங்கள் எல்லோரும் சொன்னால் சரிதான்.

உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கட்டும். அவசரத்துக்கு ஒருவரிடம் இருப்பது நல்லது.

வத்ஸன் தொண்டையில் கரகரப்பு இருந்ததே, போன வாரம். அது உனக்குத் தெரிந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறேன். டாக்டரிடம் காட்டு.

ஹம்சினி


அடையாறு
13 அக்டோபர் 2023

அக்கா,

நேற்று உன் வீட்டில் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. நீ பேசியதைப் படிக்கவும் முடியவில்லை, கண்ணில் நீர் நிறைந்திருந்தது. என்ன நடந்தது என்று எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

வத்ஸனுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். சாய்சரண் ஆபீஸில் இருந்தான். குளிக்கும்போது இடுப்புப் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வேன். தலையெல்லாம் சீயக்காய். அப்போது அதிர்ந்தது. கண்ணில் இறங்காமல் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். நைட்டியை மாட்டிக்கொண்டேன். கதவைத் திறப்பதற்குள் அதிர்வு நின்றுவிட்டது. தானாகவே சமாதானமாகிவிட்டான் என்று நினைத்தேன். நான் சிரித்துக்கொண்டேதான் அறைக்குள் போனேன் அக்கா.

தொட்டில் காலியாக இருந்தது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஐந்து மாதக் குழந்தை எப்படிப் போகும்? ஆனால் பார்த்தேன். அலமாரியில் பார்த்தேன். பால்கனிக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தேன். அங்கே எதைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தேனோ, அதை எழுத மாட்டேன்.

சாய்மா வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். அவள் என்னோடு தெருவுக்கு ஓடிவந்தாள். சின்ன வயதில் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து நீ எனக்குக் கொடுத்த குரல் ஒன்று இருக்கிறதே, அதை வெளியாட்கள் முன்னால் நான் எடுப்பதே இல்லை. எடுத்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். நேற்று எடுத்தேன். "வத்ஸா, வத்ஸா" என்று தெருவில் கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள்.

இஸ்திரி வண்டிக்கார மகேஷ் ஏதோ சொன்னார். மீசையில் உதடு தெரியவில்லை. சாய்மா ஃபோனில் எழுதிக் காட்டினாள்: "ஒரு அம்மா கொழந்தைய தூக்கிகினு ஆட்டோல போச்சு. ஒங்க வூட்டு ஆளுன்னு நெனச்சேன்." யார் அந்த அம்மா, என்ன புடவை என்று சாய்மா அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நீ நினைவுக்கே வரவில்லை. அவ்வளவு நம்பிக்கை உன் மேல்.

போலீசுக்குப் போக ஆட்டோவை நிறுத்திய பிறகுதான் உன் செய்தி வந்தது. "கொழந்தை என்கிட்ட இருக்கான். கவலைப்படாதே."

ஈரத் தலையோடு உன் வாசலில் வந்து நின்றேன். நீ புட்டியில் அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்து, "பாவம், பசி" என்றாய். அதை மட்டும் தெளிவாகப் படித்தேன். அவனுக்குப் பசி இல்லை அக்கா. நான் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

ஏன் செய்தாய்?

மஹதி


மயிலாப்பூர்
15 அக்டோபர் 2023

மஹி,

ஏன் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாக எனக்கு நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கவில்லை. அவனைப் பார்த்துவிட்டு, உனக்கும் ஒருவாய் காபி கலந்து கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். வாசலில் பட்டன் அழுத்தினேன், உள்ளே விளக்கு மின்னியிருக்கும். நீ வரவில்லை. சாவி போட்டுத் திறந்தேன். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

தொட்டில் பக்கம் போய் நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். மூன்று மாதம் என் மடியில் வளர்ந்த குழந்தை, என்னைப் பார்த்து வேற்றாளைப் பார்த்தது போல அழுதான்.

நான் உடனே தூக்கவில்லை. நின்றேன். நீ வருகிறாயா பார்க்கலாம் என்று நின்றேன். அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. அவன் வீறிட்டு அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேட்கிறவளுக்கு அது ரொம்ப நேரம் மஹி. உனக்கு அது அதிர்வு. எனக்கு அது அழுகை.

தூக்கினேன். தோளில் போட்டதும் நின்றுவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். நீ வெளியே வந்து காலித் தொட்டிலைப் பார்த்தால் புத்தி வரும் என்று நினைத்தது உண்மை. கீழே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றும் நினைத்தேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

அடையாறு பாலம் தாண்டுவதற்குள் தோளிலேயே தூங்கிப்போனான். மூச்சு கழுத்தில் படுகிறது. செய்தி அனுப்ப வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஃபோன் கைப்பையில் இருந்தது. எடுக்க ஒரு கை வேண்டும். அசைந்தால் விழித்துக்கொள்வான். மந்தைவெளியில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த ஒரு பெண், "உங்க பாப்பா நல்லா தூங்குது" என்றாள். இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று நினைத்தேன். எங்கே என்றெல்லாம் நினைக்கவில்லை.

நீ வாசலில் நின்ற கோலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கிரீஷ் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், அக்கா என்கிற உரிமையில். நான் இல்லாமல் வேறு யாராவது உள்ளே வந்திருந்தால்? உன் பெட்டி என்ன செய்திருக்கும்?

ஹம்சினி


அடையாறு
19 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

வேறு யாராவது உள்ளே வந்திருந்தால் என்று கேட்டிருக்கிறாய். வேறு யாரிடமும் எங்கள் வீட்டுச் சாவி இல்லை. இப்போது உன்னிடம் இருப்பதும் எங்கள் வீட்டுச் சாவி இல்லை. பூட்டை மாற்றிவிட்டோம்.

கேட்கும் அம்மாக்கள் தலைக்குக் குளிப்பதில்லையா? குழந்தை அழுதால் அவர்கள் தலையை அலசிக்கொண்டு வருவதில்லையா? அவர்கள் வெளியே வந்தால் தொட்டிலில் குழந்தை இருக்கும்.

பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. அழுதான், அதிர்ந்தது. நீ தூக்கினாய், நின்றது. முன்பெல்லாம் அது அதிர்ந்தால் எழுந்து போவேன். இப்போது நின்றால் ஓடுகிறேன். அவன் அழும்போது எனக்குப் பயமில்லை, அங்கேதான் இருக்கிறான் என்று தெரியும். அழுகை நின்றால்தான் பயம். சாய்சரண் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை மூச்சு வருவதில்லை.

கொஞ்ச நாள் வராதே. எவ்வளவு நாள் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

மஹதி


மயிலாப்பூர்
14 மே 2024

செல்லம் மஹிக்கு,

நீ பதில் போடாவிட்டாலும் எழுதுகிறேன். வத்ஸனுக்கு நட்சத்திரப்படி இன்றைக்கு ஒரு வயது. ஆண்டுநிறைவு எங்கே செய்தாய், ஆயுஷ்ய ஹோமம் உண்டா, ஒன்றும் தெரியவில்லை. சாய்மா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த ஒரு படத்தைக் கிரீஷ் காட்டினார். நிற்கிறான். முன்பல் இரண்டு வந்திருக்கிறது.

காலையில் கபாலி கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பேர், நட்சத்திரம் சொன்னேன். குருக்கள், "உங்க பையனா?" என்றார். தங்கை பிள்ளை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி பிடித்தது. அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

கேமராவைக் கிரீஷ் எங்கள் ஹாலிலேயே மாட்டிவிட்டார். பூட்டிக்கிடக்கிற வீடு, திருடன் பயம் என்றார். நான் ஆபீஸில் இருக்கும்போது ஃபோனில், "உங்கள் வீட்டில் சத்தம் கேட்டது" என்று வருகிறது. திறந்து பார்த்தால் ஹால் காலியாக இருக்கும். ஜன்னலில் புறா.

நான் செய்தது தப்பு. இத்தனை நாள் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஏதாவது சேர்த்துச் சேர்த்து எழுதினேன். இன்றைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா


மயிலாப்பூர்
6 மே 2025

அன்பு மஹிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வத்ஸன் பிறந்தநாளுக்கு எங்களையும் கூப்பிட்டதற்கு நன்றி. சாய்சரண்தான் செய்தி அனுப்பினான், உனக்குத் தெரிந்துதான் அனுப்பியிருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது உன் வீட்டு மாடிப்படி ஏறி. இளைத்திருக்கிறாய்.

வத்ஸனுக்கு உன்னைப் போலவே நெற்றி. தண்ணீர் வேண்டும் என்று சாய்மாவிடம் "பானி" என்று வாயால் கேட்கிறான், திரும்பி உன்னிடம் கையால் கேட்கிறான். அவனுக்கு யார் பேசிக்காட்டுவார்கள் என்று நான் எழுதியிருந்தேன். மாடி வீட்டிலிருந்து பேச்சு இறங்கிவருகிறது.

உன் நண்பர்கள் முப்பது பேர் இருப்பார்களா? எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜவஹர் ஏதோ சொன்னார், கூடம் முழுக்கச் சிரித்தது. கிரீஷ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நாங்களும் சிரித்தோம். யாராவது என் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. தேவானை வந்து சாப்பிடச் சொல்லி வாயில் கைவைத்துக் காட்டினாள். அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

கேக் வெட்டுவதற்கு முன்னால் வத்ஸன் என் எதிரே வந்து நின்றான். என்னை விரலால் காட்டினான். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். உன்னைப் பார்த்தான். நீ ஏதோ சொன்னாய். மறுபடியும் என்னைக் காட்டி அதையே செய்தான். தூக்கச் சொல்கிறான் என்று நினைத்து நான் இரண்டு கையையும் நீட்டினேன். நீ நடுவில் வந்து நின்றாய்.

கோபமாக எழுதவில்லை. அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள ஆசை. அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


அடையாறு
11 மே 2025

அக்காவுக்கு,

அவன் கேட்டது, "யார்?"

நான், "பெரியம்மா" என்று சொன்னேன். அந்தச் சொல்லை இதற்கு முன்னால் அவனுக்கு நான் காட்டியதில்லை. அதனால் புரியவில்லை. மறுபடியும், "யார்?" என்று கேட்டான். இரண்டாவது முறை நான் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் நீ கை நீட்டினாய். வேண்டுமென்று நான் நடுவில் வரவில்லை. கால் தானாக வந்துவிட்டது. அத்தனை பேர் இருக்கும் கூடத்தில், என் கண்ணெதிரே, உன் கை அவன் பக்கம் நீண்டதும் எனக்கு அந்தக் காலித் தொட்டில்தான் தெரிந்தது. நீ கையை மடக்கிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். வந்தவர்கள் போன பிறகு பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன்.

கூடத்தில் உனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். நான் உன் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும். நீ எனக்கு எத்தனை கூடங்களில் சொல்லியிருக்கிறாய். ஜவஹர் சொன்னது இதுதான்: அவர் மூத்த பெண் இப்போதும் தூங்கும்போது தேவானையின் புடவை நுனியைக் காலில் சுற்றிக்கொள்கிறாளாம், பதின்மூன்று வயதில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவனைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம். ஊரூர் குப்பத்துப் படகுகள் நிறுத்தியிருக்கும் பக்கம், கூட்டம் இல்லாமல் இருக்கும். வருவதானால் வா. எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார். அவனாக வரும்வரை அவனைத் தூக்காதே. வந்து கை நீட்டினாலும் முதலில் என்னைப் பார், நான் தலையசைத்த பிறகு தூக்கு.

அவன் உன்னிடம் வர நாளாகும். எனக்கும்தான்.

மஹி